வயிற்றுக் கொழுப்பால் மார்பின் பள்ளத்தை நிரப்பலாமா?

கேள்வியைக் கேட்டிருப்பவர் வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு மகள். அவருடைய அம்மாவுக்கு 54 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியைச் சுற்றியிருந்த திசுவோடு அகற்றி, பிறகு கதிர்ச்சிகிச்சையும் கொடுத்தார்கள். இப்போது, நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் தமொக்சிபென் மாத்திரை மட்டும். நோய் அடங்கிவிட்டது, ஆனால் கட்டி இருந்த இடம் குழிந்துபோய், தோல் அடியிலுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு, கையை உயர்த்தும்போதெல்லாம் இழுக்கிறது. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், வயிற்றுக் கொழுப்பை எடுத்து அந்த இடத்தில் வைக்கலாம், இரண்டு மூன்று தடவை செய்யவேண்டி வரும் என்கிறார். சித்தியோ, புற்றுநோய் வந்த இடத்தில் கொழுப்பை ஊற்றினால் நோய் திரும்பக் கிளம்பும் என்று தடுக்கிறார். அழகு நிலையம் ஒன்று, ஸ்டெம் செல் சேர்த்து ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. யாரை நம்புவது, நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மா போகலாமா என்பதுதான் கேள்வி.

நிபுணர் சொன்னது சரி. சித்தியின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கீழே பேசுகிறேன். அழகு நிலையத்தை விட்டுவிடுங்கள். ஏன் இப்படி வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறேன் என்பதற்கு, கொழுப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது அதற்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற விடைகள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

கொழுப்பு உயிருள்ள திசு. வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுத்த கணத்திலேயே அதன் இரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. மார்பில் கொண்டுபோய் வைத்த பிறகு, புதிய நுண்குழாய்கள் முளைத்து வந்து சேரும்வரை, சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வரும் ஒட்சிசனை நம்பியே அது பிழைத்திருக்க வேண்டும். அந்தக் கசிவு எட்டுகிற தூரம் மிகக் குறைவு. ஜப்பானில் யொஷிமுராவின் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. வைத்த கொழுப்புத் துளியின் வெளிவிளிம்பில் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் வரையுள்ள செல்கள்தான் அப்படியே உயிர் தப்புகின்றன. அதற்கு உட்புறத்தில் ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. அங்கே கொழுப்புச் செல்கள் முதல் நாளிலேயே செத்துவிடும், ஆனால் பட்டினி தாங்கும் மூலச் செல்கள் (ஸ்டெம் செல் என்பது இவற்றைத்தான்) ஓரிரு நாட்கள் கூடுதலாக நின்று பிடித்து, பிறகு புதிய கொழுப்புச் செல்களாக வளர்ந்து இடத்தை நிரப்பும். நடுப்பகுதிக்கு விமோசனம் இல்லை. அது செத்து, கரைந்து போகும்; அளவு பெரிதானால் எண்ணெய்க் கட்டியாகவோ வடுவாகவோ தங்கிவிடும்.

ஆகவே கைத்திறன் முழுவதும் துளியைச் சிறிதாக்குவதிலும், ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையில் நல்ல திசு இருக்கும்படி விடுவதிலும்தான் இருக்கிறது. நாற்றுமுடியைப் பிரிக்காமல் அப்படியே சேற்றில் ஊன்றினால் என்ன விளையும் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால் இது 1893இலேயே தெரிந்திருந்தது. ஜேர்மனியில் குஸ்டாவ் நொய்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், எலும்பில் தொற்று வந்து கண்ணுக்குக் கீழே குழிந்துபோன வடுவொன்றை, நோயாளியின் மேற்கையிலிருந்து எடுத்த கொழுப்பால் நிரப்பினார். சிறு துண்டுகள் நிலைக்கின்றன, பெரிய துண்டுகள் நல்ல பலன் தருவதில்லை என்பதையும் அவரே எழுதி வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1895இல், வின்சென்ஸ் செர்னி என்பவர் ஒரு பெண்ணின் மார்பில் கட்டி அகற்றிய இடத்தை, அவருடைய உடலில் வேறோரிடத்தில் இருந்த சாதாரணக் கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். உங்கள் அம்மாவுக்குச் சொல்லப்படும் சிகிச்சையின் மூதாதை அதுதான். 1950இல் அமெரிக்காவின் லிண்டன் பியர், நட்ட கொழுப்பு ஓராண்டில் ஏறத்தாழ 45 வீதம் எடை இழக்கிறது என்று அளந்து காட்டினார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இத்தாலியிலும் பிரான்சிலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை வந்தது. கொழுப்பு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. கிடைத்ததை முரட்டுத்தனமாகக் கையாண்டால் நிலைக்காது, மென்மையாக எடுத்துச் சிறிது சிறிதாக வைத்தால் நிலைக்கும் என்பதை ஒரு முறைமையாக வகுத்துக் கொடுத்தவர் நியூயோர்க்கின் சிட்னி கோல்மன். அது தொண்ணூறுகளில்.

தியேட்டருக்குள் நடப்பதை அம்மாவுக்கு அப்படியே சொல்லுங்கள், பயம் பாதியாகிவிடும். தொப்புளின் மடிப்பிலோ அடிவயிற்றின் ஓரத்திலோ சில மில்லிமீற்றர் கீறல். அதன் வழியே உப்புநீரில் விறைப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த கரைசல் வயிற்றுக் கொழுப்புக்குள் செலுத்தப்படும். பிறகு எல்லோரும் கைகட்டி நிற்போம். அட்ரினலின் வேலை செய்து குழாய்கள் சுருங்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். வயிற்றுத் தோல் வெளிறிப்போவது கண்ணுக்கே தெரியும். அவசரப்பட்டால் வருவது கொழுப்பை விட இரத்தம்தான். அதன்பின் முனை மழுங்கிய, பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய குழலைச் சிரிஞ்சில் பொருத்தி, பிஸ்டனைச் சிறிதளவு மட்டும் பின்னால் இழுத்துப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். பிஸ்டனை முழுக்க இழுத்தால் உறிஞ்சும் வேகத்தில் செல்கள் வெடித்துவிடும்.

நிறைந்த சிரிஞ்சைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்திவைத்துப் பார்த்தால், சிறிது நேரத்தில் மூன்று படையாகப் பிரிந்து நிற்கும். மேலே தெளிந்த மஞ்சள் எண்ணெய். அது உடைந்த செல்களின் மிச்சம். அடியில் சிவந்த நீர். நடுவில், மங்கிய மஞ்சளில், தடித்த கூழ் போல நிற்பதுதான் நமக்கு வேண்டிய கொழுப்பு. கோல்மன் முறையில் இதை நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் மூன்று நிமிடம் சுழற்றிப் பிரிப்பார்கள். கழுவி வடிகட்டுகிறவர்களும் உண்டு. எது சிறந்தது என்று நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் கணக்கில், செய்பவரின் பொறுமைக்கு முன்னால் அந்த வித்தியாசம் சிறியது.

வைப்பது மெதுவான வேலை. இன்னொரு மழுங்கிய மெல்லிய குழல் மார்பின் தோலுக்கடியில் போகும். உள்ளே தள்ளும்போது எதுவும் விடமாட்டார்கள், வெளியே இழுக்கும்போதுதான் ஒரு கீற்றாகக் கொழுப்பை விட்டுக்கொண்டு வருவார்கள். முகம் போன்ற இடங்களில் ஒரு கீற்றுக்கு 0.1 மில்லிலீற்றர்கூட இருக்காது. வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு திசையில், நூற்றுக்கணக்கான கீற்றுகள். அம்மாவின் தோல் தசையோடு ஒட்டியிருக்கிறது என்பதால், முதலில் ஊசி முனையால் அந்த இறுக்கமான நார்களை அங்கங்கே அறுத்துவிட்டு, தளர்ந்த இடத்தில் கொழுப்பை வைப்பார்கள். கை உயர்த்தும்போது இழுப்பது குறைய வேண்டுமானால் இந்த அறுப்பு முக்கியம்.

இப்போது, ஏன் ஒரே தடவையில் முடியாது? கதிர்ச்சிகிச்சை பட்ட திசு விறைப்பாக இருக்கும், அதில் நுண்குழாய்களும் குறைவு. இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை. அங்கே ஒரே நாளில் அளவுக்கு மீறித் திணித்தால் உள் அழுத்தம் ஏறி, இருக்கிற குழாய்களும் நசுங்கும்; வைத்ததில் பெரும்பங்கு சாகும். வைக்கும் கொழுப்பில் நிலைப்பது ஆளுக்கு ஆள் 30 முதல் 70 வீதம் வரை மாறுபடும். முதல் சில வாரங்களில் வீக்கத்தால் மார்பு நிறைந்து தெரியும், அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். வற்றும்போது "எல்லாம் கரைந்துவிட்டதே" என்று கலங்கவும் வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகு தெரிவதுதான் ஏறத்தாழ உண்மையான அளவு. அதைப் பார்த்துத்தான் அடுத்த தடவையைத் தீர்மானிப்பார்கள்.

முதல் தடவை பெரிதாக நிரம்பாவிட்டாலும் அது வீண் இல்லை. இத்தாலியின் வெரோனாவில் ஜீனோ ரிகொட்டியும் அவருடைய குழுவினரும் 2007இல், கதிர்ச்சிகிச்சையால் கெட்டுப்போன தோலுக்கடியில் கொழுப்பை வைத்தபோது தோலே மென்மையாகி, ஆறாத புண்கள்கூட ஆறத் தொடங்கியதை எழுதினார்கள். கொழுப்போடு போகும் மூலச் செல்களும் அவை சுரக்கும் பொருட்களும் புதிய நுண்குழாய்களை வரவழைக்கின்றன என்பது விளக்கம். முதல் தடவை மண்ணைப் பதப்படுத்துகிறது, இரண்டாவது தடவை அதில் கூடுதலாக நிலைக்கிறது.

அந்த அழகு நிலையத்துக்கு வருகிறேன். கொழுப்பில் மூலச் செல்கள் இருப்பது பொய்யல்ல. 2001இல் லொஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அவற்றை உறிஞ்சியெடுத்த கொழுப்பிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். ஆகவே உங்கள் நிபுணர் வைக்கும் சாதாரணக் கொழுப்பிலும் அவை இருக்கின்றன. யாரும் தனியாகச் "சேர்க்க" வேண்டியதில்லை. பிரித்தெடுத்துச் செறிவாக்கிச் சேர்ப்பது ஆய்வுக்கூட வசதியோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் செய்யப்படும் ஆராய்ச்சி. அதிலும், புற்றுநோய் வந்த மார்பில் செறிவாக்கிய மூலச் செல்களை வைப்பதுதான் உலகம் முழுவதும் நிபுணர்கள் மிகவும் தயங்கும் இடம். ஒரே நாளில், மாடிப்படிக்குக் கீழேயுள்ள அறையில் அதைச் செய்து தருகிறேன் என்கிறவருக்கு ஒன்றில் விடயம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். இரண்டுமே உங்களுக்கு ஆபத்து.

சித்தியின் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. ஆய்வுக்கூடத்துத் தட்டுகளிலும் எலிகளிலும் கொழுப்பு மூலச் செல்கள் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டியதுண்டு. அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 1987இல் மார்பில் கொழுப்பு வைப்பதையே கண்டித்தது. அன்று சொன்ன காரணம் வேறு: செத்த கொழுப்பில் சுண்ணாம்பு படிந்து, மமோகிராம் படத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்று அஞ்சினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் கதவு மூடியே இருந்தது. பிறகு சான்றுகளைத் திரும்ப ஆராய்ந்து, 2009இல் அதே சங்கம் அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தியது. மார்பில் எந்தச் சத்திரசிகிச்சை செய்தாலும் சுண்ணாம்பு படியக்கூடும், அனுபவமுள்ள கதிரியக்க நிபுணரால் பெரும்பாலும் அதையும் புற்றுநோயையும் பிரித்தறிய முடியும் என்பது தெளிவாகியிருந்தது. நோய் திரும்புவதைப் பற்றிக் கேட்டால், கொழுப்பு வைத்த பெண்களையும் வைக்காத பெண்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் பொதுவாகக் கூடுதல் ஆபத்தைக் காட்டவில்லை. நோயாளரில் ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் ஆபத்துக் கூடுமோ என்று சந்தேகம் எழுப்பிய இத்தாலிய ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. அதனால்தான் கண்காணிப்பை யாரும் கைவிடவில்லை. கதிர்ச்சிகிச்சை முடிந்து போதிய காலம், பெரும்பாலும் ஓராண்டாவது, நோயில்லாமல் கழிந்த பிறகே தொடங்குவதும் அதனால்தான். உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். மஹரகமவில் அவரைப் பார்க்கும் புற்றுநோய் நிபுணரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். சித்திக்கும் அதைக் காட்டலாம்.

மார்பு முழுவதையும் அகற்றியவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்குக் கொழுப்பை மட்டும் வைத்து முழு மார்பை உருவாக்குவது பல தடவை தியேட்டருக்குப் போகும் நெடும்பாதை. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதன் இரத்தக் குழாயோடு சேர்த்தெடுத்து, நெஞ்சிலுள்ள குழாயோடு நுணுக்குக்காட்டியின் கீழ் இணைப்பது அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும். அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் உண்டு, ஆகவே நான் மேலே சொன்ன துளிக் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது. ஆனால் பல மணி நேரச் சத்திரசிகிச்சை. ஒரு பள்ளத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்குத் தேவையுள்ளவர்கள் புற்றுநோயாளர் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தீக்காய வடுக்களைப் பாருங்கள். மின்சாரம் எட்டாத வீடுகளில் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத, தட்டையான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்து, 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். வருமுன் காப்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என் துறையில் எனக்குத் தெரியாது. வந்த பிறகு, இறுகிய வடுவுக்கடியில் கொழுப்பு வைத்தால் தோல் நெகிழ்ந்து, வலியும் அரிப்பும் குறைகிறவர்கள் உண்டு. போரில் காலை இழந்தவர்களில் சிலருக்குச் செயற்கைக் கால் பொருத்தும் தண்டின் முனையில் எலும்பும் தோலும் மட்டும் எஞ்சி, ஒவ்வொரு அடியும் வேதனையாக இருக்கும். அங்கே மெத்தைபோல ஒரு படை கொழுப்பு வைக்கும் முறை வெளிநாடுகளில் முன்னாள் படைவீரரிடம் ஆராயப்பட்டிருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இது தேவைப்படுவோர் இருக்கிறார்கள். இப்படி ஒன்று உண்டென்று அவர்களுக்குச் சொல்வார்தான் இல்லை. பிளவுபட்ட உதட்டைத் தைத்த பிறகும் மெலிந்து தெரியும் மேலுதடு, முகத்தின் ஒரு பாதி மட்டும் மெல்ல மெல்ல வற்றிப்போகும் அரிய நோய், இவற்றுக்கும் இது கைகொடுக்கிறது.

சொந்தத் திசு என்பதால் உடல் அதை நிராகரிக்காது. அதற்காக ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொற்று, எண்ணெய்க் கட்டி, மேடுபள்ளம், எடுத்த இடத்தில் தோல் சுருங்குதல் ஆகியவை வரக்கூடியவை, பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்தானது கொழுப்பு இரத்தக் குழாய்க்குள் போய்விடுவது. புருவங்களுக்கு நடுவே வைக்கும்போது அது கண்ணின் நாடிக்குள் போய்ப் பார்வை பறிபோனவர்கள் உண்டு. பிட்டத்தைப் பெரிதாக்க ஆழமாகத் தசைக்குள் வைத்தபோது, பெரிய நாளங்கள் வழியாக நுரையீரலை அடைத்து இறந்தவர்களும் பலர். 2018இல் பல நாட்டு நிபுணர் சங்கங்கள் கூடி, தசைக்குள் வைக்கவே கூடாது என்று எச்சரிக்கை விடுத்தன. மார்பில் அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், இது அழகு நிலையத்துக் கட்டிலில் செய்கிற வேலை இல்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் செலவில்லை, காத்திருப்பு நீளம். அவசரமில்லாத சிகிச்சை இது; காத்திருந்தால் கெடுவது ஒன்றுமில்லை.

போகும்போது கிளினிக் கொப்பியோடு கடைசி மமோகிராம் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பு எடுத்த படம் இருந்தால்தான் பிறகு வரும் மாற்றத்தை ஒப்பிட முடியும். கொழுப்பு வைத்தபின் எந்த மமோகிராமுக்குப் போனாலும் "இங்கே கொழுப்பு வைத்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், அது கொழுப்பாகத்தான் இருக்கும் என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாமல் காட்டிவிடுங்கள். தமொக்சிபென் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன் அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதை இரண்டு நிபுணர்களும் பேசி முடிவு செய்யட்டும். அம்மா தானாக ஒரு மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது. நீரிழிவு இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் அவர் வாசலுக்கு வெளியே போகட்டும். எடையை இப்போதிருப்பதில் நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. இடம் மாறினாலும் அது வயிற்றுக் கொழுப்புத்தான். அம்மா மெலிந்தால் அதுவும் மெலியும், பருத்தால் அதுவும் பருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றில் கன்றிப்போன நிறம் இரண்டு மூன்று வாரம் இருக்கும், மார்பை விட வயிறுதான் கூடுதலாக வலிக்கும். வயிற்றுக்கு இறுக்கமான பட்டி கட்டச் சொல்வார்கள். மார்பிலோ எந்த அழுத்தமும் கூடாது. இறுக்கமான உள்ளாடை, குப்புறப் படுத்தல், ஐஸ் வைத்தல், எண்ணெய் பூசித் தேய்த்தல் எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு மறந்துவிடுங்கள். உறவுக்காரர் கொண்டுவரும் எண்ணெய்ப் போத்தலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் போதும், அவர்களோடு சண்டை வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு ஆறு வாரத்துக்கு முன்பே சத்திரசிகிச்சை முடிந்திருந்தால், நிபுணர் ஒருமுறை பார்த்துச் சரி என்றபின், ரயிலில் நடைபாதையோர இருக்கையாகப் பார்த்துப் பதிவுசெய்து, இடையிடையே எழுந்து நடந்துகொண்டு அம்மா தாராளமாகப் போகலாம். தேர்முட்டியடியில் நின்று கும்பிடலாம், கூட்டத்தில் நெஞ்சில் இடிபடாமல் நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அடியழிக்கிற நேர்த்தி ஏதும் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். விழுந்து வணங்கி எழும்பும்போது கைகளிலும் வயிற்றிலும் விழுகிற பாரம் இந்த ஆண்டு வேண்டாம். அடுத்த ஆண்டு செய்து தீர்க்கட்டும்.